வாலில் எதுவரைக்கும் புகை

அந்தப் பையை இது மேல வெச்சுறாதீங்க சார். கோவிச்சுக்காதீங்க. மேல எடம் இருக்குது பாருங்க, வேணும்னா நானே எந்திரிச்சு வெச்சுத் தாரேன். இந்த டப்பாவை மட்டும் யாரும் தொடாம இருந்தாப் போதும். கோயமுத்தூர் சிங்காநல்லூர்ல ஏறுனதுல இருந்து மடியிலயே வெச்சிருக்கேன், காலு மரத்துப் போச்சு. கண்டக்டர் என்னங்க முட்டையான்னு கேட்டார். ஆமாங்க முட்டைதான்னு சொல்லிப்போட்டேன். முட்டைன்னா நாலு பேரு பாத்துப் போவாங்கல்ல.

மதுரைக்குங்களா? நானும் மதுரைக்குத்தான். என்ன உத்தியோகமுன்னு கேக்கலாமுங்களா? போலீஸ் இல்லீங்களே? இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். முடியை ஒட்ட வெட்டியிருக்கீங்க, ஷூவுக்குப் பாலீஷ் போட்டிருக்கீங்க, அதனால கேட்டேன். இன்சூரன்ஸுங்களா. சரிங்க, சரிங்க. இன்சூரன்ஸ்னா பயமில்லை.

உள்ள இருக்கறது ஹெலிகாப்டருங்க. பொம்மைன்னு சொல்லாதீங்க, அது என்ற சம்சாரம் ஜோதிமணி சொல்றது. கிட்டுன்னு பேரு. நெசமான ஹெலிகாப்டரை எழுபத்திரண்டு பங்கு போட்டு அதுல ஒரு பங்கு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். டப்பா வாங்குனா நாலு பிளாஸ்டிக் பிரேம் குடுப்பாங்க. மாங்கொத்துல மாங்கா தொங்கறாப்பல அதுல பாகமெல்லாம் தொங்கும். இதுல நூத்தி இருபத்தாறு பாகம். ஒவ்வொண்ணா வெட்டி, உப்புத்தாள்ல தேச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிக்கோணும். பைலட்டோட சீட் பெல்ட்டுக்குக்கூட நான் பெயிண்ட் அடிச்சிருக்கேன். மூடி ஒட்டுனதுக்கு அப்பறம் அதை ஒருத்தரும் பாக்க முடியாது. பாக்க முடியாட்டி என்னங்க, உள்ள இருக்குதுன்னு எனக்குத் தெரியுமல்ல.

இருகூர்ங்க நமக்கு. பேரு சென்னியப்பன். மோட்டார் கம்பெனியில இருபத்தெட்டு வருசம் செக்கிங்ல இருந்தேன். வெர்னியர் வெச்சு அளந்து, ஒரு நூல் பிசகுனாலும் தள்ளி விட்டுருவேன். அந்த வேலையை விட்டு வீட்டுல உக்காந்தப்ப, எம் பொண்ணுதான் மொதல் கிட்டு வாங்கிக் குடுத்தா. இந்துமதி. நர்ஸுங்க. மொதல் மாசச் சம்பளத்துல வாங்குனா. அப்பா, டீவியையே பாத்துட்டு உக்காந்தா கண்ணு போயிரும், இதைப் பண்ணுங்கன்னா. நல்ல புள்ளை. பண்ணிப் பண்ணி இப்ப பதினாலு ஆகிப்போச்சு. கடைசி வேலை மட்டும் அவளுது. சின்னச் சின்ன ஸ்டிக்கர் குடுப்பாங்க, தண்ணியில ஊற வெச்சு நகத்தி நகத்தி ஒட்டோணும். வெங்காயத் தோலாட்ட இருக்கும். நான் தொட்டா மடங்கிப் போகும். அவளுக்கு ஊசி போடற கை, நடுங்காது. மூச்சைப் புடிச்சுட்டு ஒட்டுவா. ஒட்டீட்டு, அப்பா இப்ப இது எந்த நாட்டு விமானம்னு தெரியுதில்லன்னு சிரிப்பா.

அவ ஜெர்மனிக்குப் போறேன்னா. நான் தடுக்கவே இல்லீங்க. அதை நீங்க தெரிஞ்சுக்கோணும். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வாரம் பூரா நான் சாப்பிடாம இருந்தது வயித்து வலி. ஜோதிமணி வேற மாதிரி சொல்லுவா, அதை விடுங்க. பத்து மாசமா அந்தப் பாஷையப் படிச்சா. சமையக்கட்டுல தோசை சுட்டுக்கிட்டே என்னமோ கரகரன்னு சொல்லீட்டு இருப்பா. இன்டர்வியூ முடிஞ்சு, பன்னெண்டு பேர்ல இவளும் ஒருத்தின்னு சொல்லிட்டாங்க. ஆவணிக் கடைசிக்குள்ள பாஸ்போர்ட் நம்பர் குடுக்கோணும், அவ்வளவுதான் பாக்கி. எங்க வம்சத்துல ஒருத்தருகிட்டயும் பாஸ்போர்ட் இருந்ததில்லைங்க. ஆடி பொறந்ததும் எழுதிப் போட்டா. வீட்டுக்கு விசாரிக்க ஆளு வரும்னு சொன்னாளாம். சொல்லியிருப்பா.

எனக்கு அப்ப வேற ரோசனை. இந்த ஹெலிகாப்டர் முடியற தருவாயில நிக்குது. ஒரே ஒரு சந்தேகம். என்ஜின் புகை பின்னால வால்ல படியுமல்லங்க, கரி புடிச்சாப்பல. அது எதுவரைக்கும் படியும்? டப்பாப் படத்துல சுத்தமா இருக்குது, கலியாணப் பொண்ணாட்ட. நெசத்துல அப்படி இருக்காது. வால்ல பாதியா, முக்காலா? இது ஒரு கேள்வியான்னு நீங்க நெனைப்பீங்க. செக்கிங்ல இருந்தவனுக்கு அதுதானுங்க கேள்வி. மூணு நாள் தூக்கமில்லை.

எங்க பக்கத்துல விமானப்படைத் தளம் இருக்குது. ஒரு சோளக்காட்டு ஓரம் நின்னா வேலிக்கு அந்தப்பக்கம் நிறுத்தி வெச்சிருக்கறது தெரியும். அவ ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனேன். அதை மறந்துறாதீங்க, ஸ்கூட்டர் அவ பேர்ல இருக்குது. போட்டோ எடுக்கப்படாதுன்னு போர்டு இருந்துச்சு. படிச்சேன். படிச்சுட்டுத்தான் எடுத்தேன். புகைக்கறை எதுவரைக்கும் இருக்குதுங்கறதுல என்னங்க ரகசியம்? பத்தொம்பது போட்டோ எடுத்துட்டேன். அப்பத்தான் விசில் சத்தம். திரும்பிப் பாத்தா துப்பாக்கி வெச்ச ஆளு கையக் காட்டறார். வான்னு காட்டுனாரா, போன்னு காட்டுனாரா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் வண்டியை முறுக்கிட்டு வந்துட்டேன். வர்றப்ப கண்ணாடியில பாத்தேன். அவர் நின்ன எடத்துலயே நின்னு வண்டியவே பாத்துட்டு இருந்தார். நம்பரைப் பாத்திருப்பார்ல?

அன்னைக்கு வந்து விழுந்த பயமுங்க. சொன்னா நம்ப மாட்டீங்க. போட்டோவெல்லாம் அழிச்சேன். போனை அணைச்சு அலமாரியில வெச்சேன். அழிச்சாலும் எடுக்க முடியும்னு எவனோ டீவியில சொன்னான், போனை எடுத்துட்டுப் போயி நொய்யல் ஆத்துல போட்டுட்டு, பஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன். ஸ்கூட்டரை மச்சான் வீட்டுக் கொட்டாய்ல விட்டுட்டு, கார்பரேட்டர் போச்சுன்னு இந்துமதிகிட்டச் சொன்னேன். பாவம், நைட் டியூட்டி முடிச்சுட்டு ரெண்டு பஸ் மாறி வருவா. ஹெலிகாப்டரை அரிசி டப்பாவுக்குள்ள பொதைச்சு வெச்சேன். ஜோதிமணி ஒலைக்கு அரிசி அளக்கறப்ப படியில றெக்கை வந்துச்சு. அதுக்கு என்ன காரணம் சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்லை.

யாருகிட்டயும் சொல்லலீங்க. எப்படிச் சொல்றது? கேஸாகி உள்ள போட்டா பேப்பர்ல என்ன போடுவான்? உளவாளின்னு போடுவான். உளவாளி மவளுக்கு எவன் வேலை குடுப்பான்? பால்காரர் பெல் அடிச்சா பாத்ரூமுக்குள்ள போயிருவேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரைப் பாத்து, நான் வீட்டுக்காரன் இல்லீங்கன்னு சொல்லியிருக்கேன். அவர் எதுவுமே கேக்கலை, நானாச் சொன்னேன். ஆனா ஒண்ணு, பெயிண்ட் வேலையை மட்டும் விடலைங்க. பாத்ரூமுக்குள்ளயே உக்காந்து வால்பக்கம் கரும்பச்சை அடிச்சேன். கை வேலையா இருந்தா மனசு கொஞ்சம் அடங்கும், அதுக்காகத்தான்.

முப்பத்தெட்டாம் நாள் அந்த ஆளு வந்தார். எண்ணி வெச்சிருக்கேன். காலையில பதினொரு மணி. ஜோதிமணி ரேசன் கடைக்குப் போயிருந்தா. இந்துமதி நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து உள்ரூம்ல தூங்கறா. அக்கம்பக்கம் ரெண்டு வீடும் வேலைக்குப் போறவிய, பூட்டிக் கெடக்குது. சாதாப் பேண்ட்டு சட்டைதான் போட்டிருந்தார், ஆனா போலீஸுன்னு ஷூ காட்டிக் குடுத்துருச்சு. கையில ஒரு பைலு. கேட்டைத் தொறக்காமயே கேட்டார். சென்னியப்பன் மகள் இந்துமதி இந்த வீடுதானுங்களேன்னு.

அவ பேரு அவருக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க. ஸ்கூட்டர் நம்பர். நம்பரைப் போட்டா அவ பேருதானே வரும்? நான் பண்ணுன தப்புக்கு எம் புள்ளையைப் புடிச்சுட்டுப் போகப்போறாங்கன்னு நெனைச்சேன். நல்லாத் தூங்கற புள்ளையை எழுப்பி, இப்படியே ஜீப்புல ஏத்திட்டுப் போறாப்பல தெரியுதுங்க எனக்கு. சத்தியமாத் தெரிஞ்சுது.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க," அப்படின்னேன்.

இல்லையான்னு பைலைப் பாத்தார். முகவரி இதுதானேன்னார். அவிய காலி பண்ணீட்டுப் போயிட்டாங்க, போன மாசமே போயிட்டாங்கன்னு சொன்னேன். எங்கன்னு கேட்டார். தெரியாதுங்கன்னேன். வாசல்ல அவ செருப்பு கெடக்குது, என்ற கண்ணு அதுமேலயே இருக்குது, அவர் பாக்கலை. நீங்க யாருன்னு கேட்டார். புதுசாக் குடி வந்திருக்கேன்னு சொன்னேன். எனக்குப் பொய் சொல்லியே பழக்கமில்லைங்க, அன்னைக்கு எண்ணெய்ல பூரி உப்பறாப்பல தானா மேல வருது. அவர் எழுதிக்கிட்டார். தண்ணி கேட்டார். சொம்புல கொண்டாந்து குடுத்தேன். குடிச்சுட்டு, நன்றிங்க ஐயான்னு போயிட்டார். உள்ள வந்து பாத்தேன். அவ போர்வையை இழுத்து மூடீட்டுத் தூங்கறா. பொழைச்சோம்டா சாமின்னு கதவுல சாஞ்சு அழுதேன். அவ்வளவு பெரிய காரியத்தை நான் என்ற வாழ்க்கையில பண்ணுனதே இல்லை.

ஆமாங்க. அது பாஸ்போர்ட் விசாரணைதான். நீங்க அப்பவே கண்டுபுடிச்சுட்டீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.

பத்து நாள் கழிச்சு அவளுக்கு மெசேஜ் வந்துச்சு, இந்த முகவரியில ஆள் இல்லைன்னு போலீஸ் ரிப்போர்ட்டுன்னு. ஸ்டேசனுக்கு ஓடுனா. குடியிருப்பவரே சொன்னாரும்மா, அப்படி யாரும் இல்லைன்னாரும்மான்னு, வீட்டுக்கு வந்த அந்தப் போலீஸ்காரரே பைலைக் காட்டியிருக்கார். யாருங்க அந்த ஆளுன்னு இவ கேட்டிருக்கா. பெரியவரு, நரைச்ச மீசை, தண்ணி குடுக்கறப்ப பாத்தேன், பெருவெரல் நகத்துல பச்சைப் பெயிண்ட்டுன்னாராம்.

மறுபடியும் எழுதிப் போட்டா மறுபடியும் விசாரணை. அதுக்குள்ள ஆவணி முடிஞ்சுது. பதினொரு பேரு பிளேன் ஏறிப் போயிட்டாங்க.

ஸ்டேசன்ல இருந்து அன்னைக்கு வீட்டுக்கு வந்தவ கத்தலைங்க. கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். என்ற கையப் புடிச்சுப் பெருவெரலைத் திருப்பிப் பாத்தா. அப்பறம் கேட்டா.

"அப்பா, நான் உள்ளதானே தூங்கிட்டு இருந்தேன்?"

ஆமா கண்ணுன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். வேலி, போட்டோ, விசில், ஸ்கூட்டர் நம்பர் எல்லாத்தையும். நடுவுல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அவரு பாஸ்போர்ட்டுன்னு சொல்லவே இல்லியான்னு.

உங்ககிட்ட அதை நான் சொல்லாம விட்டுட்டேன். சொன்னாருங்க. மொத வார்த்தையே அதுதான். பாஸ்போர்ட் சம்பந்தமா வந்திருக்கேன்னுதான் ஆரம்பிச்சார். அப்படித்தானே சொல்லுவாங்க? புடிக்க வர்றவன் புடிக்க வந்திருக்கேன்னா சொல்லுவான்? ஏதாச்சும் ஒரு சாக்கு சொல்லித்தானே வீட்டுக்குள்ள வருவான்? நான் அப்படித்தானுங்க நெனைச்சேன். ஜோதிமணி நம்ப மாட்டேங்கறா. காதுல விழுந்துதான் சொன்னீங்க, அவ போகக்கூடாதுன்னுதான் சொன்னீங்க, இந்த வீட்டுல உங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஆளு வேணும்னு சொன்னீங்கன்னு பேசறா. பெத்த தகப்பன் அப்படிப் பண்ணுவானுங்களா? நீங்க மூணாம் மனுசர், நீங்க சொல்லுங்க. அந்த நிமிசத்துல எனக்கு இருந்தது பயம் ஒண்ணுதான். என்ன பயம்னு கேட்டா, அவளைக் கொண்டுபோயிருவாங்கன்னு பயம். அவ்வளவுதான்.

வேலிக்காரங்க இன்னிக்கு வரைக்கும் வரலைங்க. ஒருத்தரும் வரலை. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்குது.

ஐப்பசியில அவ மதுரையில ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிட்டா. எங்கேன்னு எனக்குச் சொல்லக்கூடாதுன்னு அவிய அம்மாகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. ஜோதிமணிகிட்டக் கேட்டா, மிக்ஸியைப் போட்டு விட்டுருவா. அவகூட வேலை பாத்த புள்ளை ஒண்ணைத் தை மாசம் ஒரு கலியாணத்துல பாத்தேன். அதுதான் சொல்லுச்சு. மதுரை விலாசத்துல எழுதிப் போட்டுப் பாஸ்போர்ட் வாங்கீட்டாளாம், அடுத்த பேட்ச்ல பேரு இருக்குதாம். நல்லதுன்னு சொல்லீட்டு வந்து படுத்தவன்தான், அன்னைக்கு இருந்து வேற பயம் புடிச்சுக்கிச்சு. போலீசுப் பயமெல்லாம் எந்த மூலைக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருவாளோங்கற பயமுங்க.

பீரோவுல ஜோதிமணி சேலைக்கு அடியில ஒரு கூரியர் சீட்டு இருந்துச்சு. லேடீஸ் ஹாஸ்டல் விலாசம், போன் நம்பர். மூணு தடவை போட்டேன். வார்டன் அம்மா எடுக்கும். இந்துமதிகிட்டப் பேசோணும், நான் அப்பா பேசறேன்னு சொல்லுவேன். அந்தம்மா சொல்லும், அப்படி யாரும் இங்க இல்லைங்கன்னு. மூணு தடவையும் அதே வார்த்தை.

அப்பறம் உக்காந்து ரோசிச்சேன். நானும் அப்படித்தானே சொன்னேன்? அப்படின்னா அவ உள்ள இருக்கறா. சொல்லச் சொல்லி அவதான் சொல்லிக் குடுத்திருக்கா. எம் பொண்ணுதானே, செய்வா. செய்யட்டும்.

ஜோதிமணிகூட இப்பக் கொஞ்சம் எறங்கி வந்துட்டா. போன வாரம் தங்கச்சி வீட்டு விசேசம்னு ரெண்டு நாளு போயிட்டு வந்தா. அதுக்கு முன்னால நாலு நாளாப் பருப்புப்பொடி இடிச்சதும், நார்த்தங்கா ஊறுகா போட்டதும், பெரிய சூட்கேஸை எறக்கித் தொடைச்சதும், ஒரே அமக்களம். விசேசத்துல குடுக்கறதுக்குன்னு ஸ்வெட்டர் வேற வாங்கியிருந்தா, நல்ல கனமான ஸ்வெட்டர். வந்ததுல இருந்து கண்ணு ரெண்டும் செவந்து வீங்கிக் கெடக்குது. பந்தல்ல அடுப்புப் புகைன்னா. இன்னிக்கு வெடியால, நான் மதுரைக்குப் போயி அவளைப் பாக்கப்போறேன்னு தைரியமாச் சொல்லிப்போட்டேன். சண்டை கட்டுவான்னு பாத்தா, போறதுன்னாப் போயிட்டு வாங்கன்னுட்டா. தயிர்சாதம் கட்டிக் குடுத்தா. கோவம் ஆறிப்போச்சாட்ட இருக்குது.

இந்தாங்க, டப்பாவைச் சித்தத் தொறக்கறேன், நீங்க பாருங்க. மூச்சு விடாமப் பாருங்க. ஸ்டிக்கர் மட்டும் பாக்கி, இந்தக் கவருக்குள்ள வெச்சிருக்கேன். ஒரு கிண்ணத்துல தண்ணி இருந்தாப் போதும், கால்மணி நேரத்துல ஒட்டிருவா. ஒட்டிக் குடுத்துட்டு எங்க வேணாலும் போகட்டும். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வால்ல புகை பாத்தீங்களா? விளக்குக் கரியை எடுத்துப் பஞ்சுல தொட்டு வெச்சது. அது எதுவரைக்கும் வரோணும்னு இப்ப எனக்கே தெரியலைங்க. போட்டோவை அழிச்சுட்டேன்ல. குத்துமதிப்பா வெச்சிருக்கேன்.

திண்டுக்கல் தாண்டிருச்சுங்களா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்குமா அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு? சார், ஒரே ஒரு உபகாரம். என்ற குரலை அந்த வார்டனுக்குத் தெரியும். உங்க போன்ல இருந்து ஒரு தடவை போடுங்களேன். அப்பான்னு சொல்லாதீங்க. இன்சூரன்ஸ்ல இருந்து பேசறோம், இந்துமதிங்கறவங்க இருக்காங்களான்னு மட்டும் கேளுங்க. இந்தாங்க சீட்டு, நம்பர் கீழ இருக்குது.

அடிக்குதுங்களா? ஸ்பீக்கர்ல போடாதீங்க, எனக்குப் பயமா இருக்குது. நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

என்னங்க சொல்றாங்க?

காலி பண்ணீட்டுப் போயிட்டாங்களாமா. எப்பவாம்? போன வாரமா. எங்கன்னு கேட்டீங்களா?

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க. பயப்படாதீங்க. நானும் அதையேதானுங்க சொன்னேன், காலி பண்ணீட்டுப் போயிட்டாங்கன்னு. தேதிகூடச் சொன்னேன், போன மாசம்னு. நான் சொல்றப்ப அவ உள்ள தூங்கிட்டுத்தானுங்க இருந்தா.